தாயுமான சர்க்கார்

எங்கள் பக்கத்தில் ஒரு தாசில்தார் ஓய்வு பெற்றாலும் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றாலும் வாழ்த்து மடல் உண்டு. வழுவழுப்பான தாளில் ஓரமெல்லாம் ரோஜாப்பூ அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்துக் கையில் கொடுப்போம். அதில் எழுதியிருப்பது நிஜமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. பெரியகுளம் தென்கரையிலும் வடகரையிலும் எத்தனையோ வீடுகளின் முன்னறைச் சுவரில் அப்படிப்பட்ட மடல்கள் தொங்குகின்றன. ஆனால் 1978 பிப்ரவரியில் இந்தியாவின் தலைமை நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற மாண்புமிகு மிர்ஸா ஹமீதுல்லா பேக் அவர்களுக்கு இந்த ஊரிலிருந்து மடல் எதுவும் போனதாகத் தெரியவில்லை. அவர் பெயரே இங்கே பலருக்குப் புதிது. நன்றி கெட்ட ஊர் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று அந்தப் பழைய பாக்கியை இப்போது தீர்க்கிறேன்.

இந்தியாவில் ராணுவ ஆட்சி வந்ததே இல்லை. பாகிஸ்தானில் வந்தது, வங்கதேசத்தில் வந்தது, பர்மாவில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தது. நம்மிடம் வரவில்லை என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம். அந்தப் பெருமையில் நேருவுக்குப் பங்கு கொடுக்கிறோம், அம்பேத்கருக்குக் கொடுக்கிறோம், பாசறையை விட்டு வெளியே வராத தளபதிகளுக்கும் கொடுக்கிறோம். பேக் அவர்களுக்கும் அவரோடு ஒரே மேடையில் உட்கார்ந்த மூன்று நீதிபதிகளுக்கும் மட்டும் கொடுப்பதில்லை. ராணுவம் வந்து செய்ய வேண்டிய காரியத்தை, ஒரு சிப்பாய்கூட வராமல், கறுப்பு அங்கியோடு முடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். டாங்கிக்கு டீசல் செலவுகூட வைக்கவில்லை.

பேக் அவர்களுடைய உயரம் தெரிய வேண்டுமானால் பக்கத்து நாட்டு நீதிபதி முகமது முனீரை அருகில் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1954 அக்டோபரில் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரல் குலாம் முகமது அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தார். சபைத் தலைவர் தமீசுதீன் கான் வழக்குப் போட்டார். சிந்து தலைமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. முனீர் தலைமையிலான ஃபெடரல் நீதிமன்றம் 1955 மார்ச்சில் அதைப் புரட்டிப்போட்டது. கார்னீலியஸ் என்ற நீதிபதி ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு 1958 அக்டோபர் 7 அன்று ராணுவச் சட்டம் வந்தது. அதே மாதம் முடிவதற்குள், புரட்சி வெற்றி பெற்றுவிட்டால் அதுவே புதிய சட்டம் என்று முனீர் தீர்ப்பெழுதிவிட்டார். 1962இல் அயூப் கானுக்குச் சட்ட அமைச்சராகவும் ஆனார்.

ஆனாலும் முனீருக்கு ஒரு சாக்கு உண்டு. வெளியே துப்பாக்கி நின்றது. எதிர்த்துத் தீர்ப்பெழுதினால் அதை யார் போய் நிறைவேற்றுவது என்று அவர் கையை விரிக்கலாம். பேக் அவர்கள் அந்தச் சாக்குக்கெல்லாம் இடம் வைக்காதவர். டெல்லியில் உச்ச நீதிமன்ற வாசலில் எந்த டாங்கியும் நிற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதியை வீட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் கூடித் தீர்மானம் போட வேண்டும். அறுபத்தைந்து வயதுவரை நாற்காலியை யாரும் அசைக்க முடியாது. இத்தனை பத்திரமான இடத்தில் இருந்துகொண்டு, மனமுவந்து அள்ளிக் கொடுப்பதற்குத் தனிப் பெருந்தன்மை வேண்டும். பயந்து கொடுப்பவன் கொடையாளி ஆகமாட்டான்.

1913இல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி, லண்டனில் லிங்கன்ஸ் இன். 1963இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி; 1971இல் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி; அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம். இதுவரை எந்த மடல்காரரும் எழுதக்கூடிய வரிகள்தான். ருசி இதற்குப் பிறகு.

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்தது. பதின்மூன்று நீதிபதிகள். அரசியல் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தலாம், அடித்தளத்தை மட்டும் தொடக் கூடாது என்று ஏழு பேர். மற்ற ஆறு பேர் அரசுக்கு அப்படிக் கடிவாளம் போட மனம் வராதவர்கள். பேக் அவர்கள் அந்த ஆறில் ஒருவர். ஏ.என். ராய் இன்னொருவர். இரண்டே நாளில், ஷேலத், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்தவர்களைத் தாண்டி ராய் தலைமை நீதிபதியானார். மூன்று பேரும் அந்த ஏழு பேர் பக்கம் இருந்தவர்கள் என்பது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். மூவரும் பதவியை விட்டார்கள். அரசின் சார்பில் நாடாளுமன்றத்தில் எழுந்து நியாயம் சொன்னவர் நம்மவர்: திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் குடும்பத்துப் பிள்ளை, மத்திய உருக்கு அமைச்சர் மோகன் குமாரமங்கலம். தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கண்ணோட்டத்தையும் பார்க்கத்தான் வேண்டும் என்று வாதாடினார். நல்ல வாதம். அவர் அடுத்த மாதமே விமான விபத்தில் இறந்துபோனார். அவர் நடத்திய பாடத்தை உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர்கள் மறக்கவில்லை.

பணிந்து காத்திருந்தால் நாற்காலி தேடி வரும் என்பதைப் பெரியகுளத்துக்காரனுக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊரில் தேநீர்க்கடை வைத்திருந்தவர் மூன்று முறை முதலமைச்சரானதைப் பார்த்தவர்கள் நாங்கள். குனிவது எங்களுக்குக் குற்றமாகத் தெரியாது. குனிந்த முதுகின்மேல் ஏறி யார் எங்கே போனார்கள் என்பதைத்தான் சற்றுக் கவனிப்போம்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை வந்தது. 27ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஆணை: உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காவலான 21ஆவது பிரிவு உள்ளிட்ட மூன்று பிரிவுகளைச் சொல்லி யாரும் நீதிமன்றப் படி ஏற முடியாது. விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்டவர்கள் ஏறத்தாழ 35,000 பேர், இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75,000க்கும் மேல் என்று, நெருக்கடிநிலையைப் பிற்பாடு விசாரித்த ஷா ஆணையம் கணக்கு எடுத்தது. தமிழ்நாட்டில் அதுவரை கருணாநிதி ஆட்சி இருந்ததால் கதவு கொஞ்சம் சாத்தியே இருந்தது. 1976 ஜனவரி 31 அன்று அந்த ஆட்சியைக் கலைத்ததும் கதவு முழுசாகத் திறந்தது. சிறைக் கதவைச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். இன்று பெரியகுளத்திலோ போடியிலோ உத்தமபாளையத்திலோ ஒரு பையனைக் குண்டர் சட்டத்தில் தூக்கி உள்ளே போட்டால், அவன் அம்மா நகையை அடகு வைத்து வக்கீலைப் பிடித்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு மனுப் போடுகிறாள். ஆள் எங்கே, என்ன காரணத்துக்காகப் பிடித்தாய், காகிதம் சரியாக இருக்கிறதா என்று நீதிபதி அரசைக் கேட்கிறார். தேதி தவறியிருந்தால், கொடுக்க வேண்டிய ஆவணத்தைக் கைதிக்குக் கொடுக்காமல் விட்டிருந்தால், பையன் வெளியே வந்துவிடுகிறான். எத்தனையோ உத்தரவுகள் அப்படி அடிபட்டுப்போகின்றன. அவன் நல்லவனா கெட்டவனா என்பது வேறு வழக்கு. சர்க்கார் சட்டப்படி நடந்ததா என்பது மட்டுமே அங்கே கேள்வி. ஒரு தாய்க்குச் சட்டம் கொடுத்திருக்கிற ஒரே ஆயுதம் அது.

1975இல் அந்த ஆயுதத்தை நாடு முழுக்க எடுத்தார்கள். அலகாபாத், பம்பாய், டெல்லி, கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பல உயர் நீதிமன்றங்கள், நெருக்கடிநிலை இருந்தாலும் மனுவை எடுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டன. உலகம் தெரியாத நீதிபதிகள். டெல்லியில் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரின் காவல் செல்லாது என்று சொன்ன இருவரில் ரங்கராஜனை குவாஹாட்டிக்கு மாற்றினார்கள். அகர்வாலை மாவட்ட நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகளை அப்படி எங்கேயும் மாற்ற வழியில்லை. அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாறிக்கொண்டார்கள்.

அரசு மேல்முறையீடு செய்தது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் வழக்கு என்று இன்றும் சட்டக் கல்லூரியில் பேர் சொல்லும் வழக்கு அது. ஐந்து பேர் அமர்வு: ராய், கன்னா, பேக், சந்திரசூட், பகவதி. விசாரணையில் கன்னா ஒரு கேள்வி கேட்டார். 21ஆவது பிரிவில் சுதந்திரம் மட்டும் இல்லையே, உயிரும் இருக்கிறதே; ஒரு காவல்துறை அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவனைக் கொன்றுவிட்டால்? அட்டர்னி ஜெனரல் நிரேன் டே ஒளிக்காமல் பதில் சொன்னார்: நெருக்கடிநிலை நீடிக்கும்வரை அதற்கும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாது, கேட்பதற்குத் தன் மனசாட்சிக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டம் அதுதான். அட்டர்னி ஜெனரலுக்கே அதிர்ச்சியாக இருந்தது ஐந்து நீதிபதிகளில் நால்வருக்கு அதிர்ச்சியாக இல்லை. அவ்வளவு கெட்டியான நெஞ்சு. சைவத்துக்கு ஒரு நால்வர் கிடைத்தார்கள். நம் சட்டத்துக்கு இவர்கள்.

1976 ஏப்ரல் 28. நான்குக்கு ஒன்று. மிசாவில் பிடிபட்டவருக்கு, தன்னைப் பிடித்தது சட்டப்படியா என்று கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகும் தகுதியே இல்லை. பிடித்தவன் கெட்ட எண்ணத்தோடு பிடித்திருந்தாலும் சரி, ஆள் மாறிப் பிடித்திருந்தாலும் சரி.

நால்வரும் இதோடு நிறுத்தியிருந்தால் சட்டம் பேசினார்கள் என்று விட்டுவிடலாம். பேக் அவர்கள் சட்டத்தோடு நிற்கிற ஆள் இல்லை, ஈரமுள்ளவர். காவலில் இருப்பவர்களுக்கு நல்ல இடம், நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு எல்லாம் கிடைக்கின்றன என்றும், அவர்கள் மேல் அரசு அதிகாரிகள் காட்டும் அக்கறை ஏறக்குறைய ஒரு தாயின் அக்கறை போல இருக்கிறது என்றும் தீர்ப்பில் எழுதிவைத்தார். எந்தச் சிறைக்குப் போய்ப் பார்த்தார் என்று கேட்கிறவர்களுக்கு நன்றியுணர்வு கிடையாது. குழந்தை சாப்பிட்டதா என்று தெரிந்துகொள்ள அடுக்களைக்குப் போக வேண்டுமா என்ன? அம்மா சொன்னால் போதாதா? அம்மாவின் வக்கீல் சொன்னார்.

திருச்சி மலையில் தாயுமானவர் இருக்கிறார். காவிரியில் வெள்ளம்; பிரசவ வேதனையில் இருக்கும் மகளிடம் வர முடியாமல் தாய் அக்கரையில் நிற்கிறாள்; சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். டெல்லித் தாயுமானவர் ஒரு படி மேலே போனார். வெள்ளத்துக்குக் காத்திருக்கவில்லை. பெற்றவளைச் சிறை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு, இனி நானே தாய் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தியது செல்லும் என்று நம் நீதிபதி முத்திரை போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தாயன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சென்னை மத்திய சிறையே சாட்சி. தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்னால், 1976 பிப்ரவரி தொடக்கத்தில், அங்கே கொண்டுவந்த மிசா கைதிகளை இரவில் வரிசையாக அடித்தார்கள். மு.க. ஸ்டாலின் மேல் விழுந்த அடிகளைத் தன் மேல் வாங்கிக்கொண்டவர் சிட்டிபாபு. சென்னையின் முன்னாள் மேயர், நாடாளுமன்ற உறுப்பினர். அவர் 1977 ஜனவரியில் இறந்துபோனார். அதே ஜனவரி கடைசியில்தான் பேக் அவர்கள் தலைமை நீதிபதியானார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அடித்தது நடந்தது, அணைப்புக்கு முறை வருவதற்குள் நெருக்கடிநிலை முடிந்துவிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதை. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவன் ராஜனை 1976 மார்ச் 1 அன்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் முகாமில் வைத்து உருட்டியதில் சில நாளிலேயே இறந்துவிட்டான். அப்பா ஈச்சரவாரியர் இந்திப் பேராசிரியர். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்பில் அமைச்சர் வீடு, அதிகாரி வீடு என்று படியேறிக்கொண்டிருந்தார். அந்த அலைச்சலின் நடுவில்தான் ஏப்ரல் 28 தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு ராஜனைக் கொல்லவில்லை. அவன் முன்னமே செத்தாயிற்று. செத்துவிட்டானா என்று கேட்கும் வாயைத்தான் அது அடைத்தது. நெருக்கடிநிலை முறைப்படி விலக்கப்பட்டது 1977 மார்ச் 21இல். நான்கு நாள் கழித்து, மார்ச் 25 அன்று, அவர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். அந்த மனுவில்தான் உண்மை வெளியே வந்தது. முகாம் நடந்தபோது உள்துறையை வைத்திருந்த கருணாகரன், முதலமைச்சரான ஒரே மாதத்தில் பதவி விலகினார். ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை. ஒரு சாதாரண மனு இவ்வளவு குழப்பம் செய்யும் என்றால், அதை ஓராண்டு பெட்டிக்குள் பூட்டிவைத்த நால்வரின் தொலைநோக்கை என்னவென்று புகழ்வது!

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை அவனுடைய ஆயுதச்சாலையைப் புகழ்ந்தாள் என்பது புறநானூற்றுச் செய்தி. எண்ணெய் பூசி, பீலி கட்டி, பளபளவென்று இருந்தன தொண்டைமானின் வேல்கள். சண்டையில் வளைந்து கொல்லன் உலையில் கிடந்தன அதியமானுடையவை. 1976இல் அவள் டெல்லிக்குத் தூது போயிருந்தால் 32ஆவது பிரிவையும் 226ஆவது பிரிவையும் பார்த்து வாய் நிறையப் பாராட்டியிருப்பாள். கைபடாமல் எவ்வளவு அழகாக வைத்திருந்தார்கள்!

இந்த அழகைக் கெடுக்க அமர்வில் ஒருவர் இருந்தார். எச்.ஆர். கன்னா. அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தலைமை நீதிபதி அவர்தான். மூப்பு வரிசை அப்படி. சும்மா மூன்று பக்கம் எழுதி நால்வரோடு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். 21ஆவது பிரிவை நிறுத்திவைத்தாலும், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசுக்கு உரிமை இல்லை என்று அவர் தனித் தீர்ப்பெழுதினார். எழுதும் முன்பே தன் சகோதரியிடம், இதனால் தலைமை நீதிபதிப் பதவி போகும் என்று சொல்லியும் இருக்கிறார். தெரிந்தே செய்தவருக்கு என்ன பரிவு காட்டுவது? தீர்ப்பு வந்த இரண்டு நாளில் நியூயார்க் டைம்ஸ் ஏடு, இந்தியா என்றைக்காவது சுதந்திரத்துக்குத் திரும்பினால் இவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பும் என்று தலையங்கம் எழுதியது. பிழைக்கத் தெரியாதவர்களை அந்நியப் பத்திரிகைகள் இப்படித்தான் கெடுத்துவைக்கின்றன.

1977 ஜனவரி 28 அன்று ராய் ஓய்வு பெற்றார். தேர்தல் வரப்போகிறது என்று பத்து நாள் முன்பே அறிவித்தாயிற்று. இருந்தும் கடமை கடமைதான். கன்னாவைத் தாண்டி பேக் அவர்களைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். வாங்கிய கடனைத் தேர்தலுக்கு முன்னால் திருப்பிக் கொடுத்த அரசு இந்திய வரலாற்றில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச்சில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. தமிழ்நாட்டில் நாம் என்ன செய்தோம்? 39 தொகுதிகளில் 34ஐ காங்கிரஸ் இருந்த அணிக்கே கொடுத்தோம். சென்னைச் சிறையில் நடந்தது தெரியாமல் கொடுத்தோமா, தெரிந்து கொடுத்தோமா, எம்.ஜி.ஆருக்காகக் கொடுத்தோமா என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளலாம். பேக் அவர்களைக் குறை சொல்ல நமக்கு ஏது தகுதி? அதனால்தான் இந்த மடல் முழுக்கப் பாராட்டாகவே போகிறது.

தனித் தீர்ப்பெழுதும் துணிவு கன்னாவுக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1978இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா, அந்த ஆட்கொணர்வுத் தீர்ப்பைத் தந்த நீதிபதிகளைக் கண்டிக்கும் ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஆசிரியர் ஷாம் லால் மேல் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வந்தது. உடன் அமர்ந்த உண்ட்வாலியாவும், கவிஞர் சௌந்தரா கைலாசத்தின் கணவரான நம் பி.எஸ். கைலாசமும் இதை விட்டுவிடலாம் என்றார்கள். பேக் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, மாறுபட்டு நின்றார். லட்சம் பேர் சிறையில் இருந்தபோது பெரும்பான்மையோடு போனவர், ஒரு பத்திரிகையை விடலாமா என்ற கேள்வி வந்ததும் தனியாக நின்றார். துணிச்சலை எங்கே செலவழிப்பது என்று தெரிந்தவர்கள் குறைவு.

ஓய்வுக்குப் பின் அவர் சும்மா இருக்கவில்லை. நேரு தொடங்கிய நேஷனல் ஹெரால்டு நாளேட்டின் இயக்குநர் குழுவில் இடம் கிடைத்தது. 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்தார். 1981இல் பேக் அவர்கள் சிறுபான்மையினர் ஆணையத்தின் தலைவரானார், 1988வரை இருந்தார். பெரும்பான்மையான மக்களுக்கே உரிமை கேட்கும் தகுதி இல்லை என்று எழுதியவரிடம் சிறுபான்மையினரின் உரிமைகளைக் காக்கச் சொல்லிக் கொடுத்ததைவிடப் பொருத்தமான நியமனம் இருக்க முடியாது. 1988இல் பத்ம விபூஷண் வந்தது. அந்த ஆண்டிலேயே காலமானார்.

அதே 1981இல் சென்னையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சென்னைச் சிறையில் அடி உதை நடந்ததா என்று விசாரித்தவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில்; கம்பராமாயணத்தில் ஊறியவர், பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. நடந்தது என்று எழுதிவைத்தார். தாயன்பு பற்றி அவர் அறிக்கையில் பக்கம் ஒதுக்கவில்லை. 1981இல் அவரைக் கேரளத்துக்கு மாற்றினார்கள். போக மாட்டேன் என்று பதவியை விட்டு வீட்டுக்குப் போனார். சிறைக்குள் பார்த்து எழுதியவருக்குக் கேரளத்து மாறுதல். பார்க்காமலேயே எழுதியவருக்கு ஆணையத் தலைமை. சர்க்காருக்கு யார் யாருக்கு என்ன கொடுப்பது என்பதில் தடுமாற்றமே இருந்ததில்லை.

நால்வரில் மிச்சமிருந்த இருவரும் குறைந்துபோகவில்லை. சந்திரசூட் 1978 முதல் 1985வரை ஏழாண்டு தலைமை நீதிபதி. இன்றுவரை அவ்வளவு காலம் வேறு யாரும் இருந்ததில்லை. கன்னாவின் பதவி பறிபோனதற்குக் கொதித்தெழுந்த ஜனதா அரசே அவரை நியமித்தது என்பதில் ஒரு தனிச் சுவை. பகவதி 1980இல், தேர்தலில் வென்று வந்த இந்திரா காந்தியை வானளாவப் பாராட்டிக் கடிதம் எழுதினார். 1985இல் தலைமை நீதிபதியானார். பொதுநல வழக்கின் தந்தை என்று பெயர் வாங்கினார். 2011இல், அன்று தான் செய்தது தவறு என்று வருந்தினார். முப்பத்தைந்து ஆண்டு யோசித்துச் சொன்ன வார்த்தை. அவசரப்பட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. 1978இல் 44ஆவது திருத்தம் வந்து, எந்த நெருக்கடியிலும் 21ஆவது பிரிவை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கிவிட்டது. அந்த ஏப்ரல் 28 தீர்ப்பை உச்ச நீதிமன்றமே தள்ளுபடி செய்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை வழக்கில். தள்ளுபடி செய்து எழுதியவர் சந்திரசூட்டின் மகன். அப்பா பூட்டியதை மகன் திறந்தார் என்று பத்திரிகைகள் உருகின. இடையில் போன நாற்பத்தொரு ஆண்டு பற்றி உருகுவதற்கு எதுவும் இல்லை.

சிலர் இதற்கெல்லாம் மருந்து உண்டு என்கிறார்கள். நீதிபதி ஓய்வு பெற்ற பின் அரசிடம் எந்தப் பதவியும் வாங்கக் கூடாது என்று விதித்துவிட்டால், நாற்காலியில் இருக்கும்போதே அடுத்த நாற்காலியைப் பார்க்கும் கண் குருடாகிவிடும் என்று வாதம். புதிய யோசனையும் இல்லை. எம்.சி. செதல்வாட் தலைமையில் இருந்த, சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் 1958இலேயே இதைப் பரிந்துரைத்தது. முனீர் தன் தீர்ப்பை எழுதிய அதே ஆண்டு. அதன் பிறகு காங்கிரஸ் ஆண்டது, ஜனதா ஆண்டது, எங்கள் கழகங்கள் கூட்டாளியாக உட்கார்ந்த அரசுகள் ஆண்டன, பாரதிய ஜனதா ஆள்கிறது. நீதிபதிகள் ஓய்வு பெற்ற கையோடு ஆளுநரானார்கள், மாநிலங்களவை உறுப்பினரானார்கள், ஆணையங்களுக்கும் தீர்ப்பாயங்களுக்கும் தலைவரானார்கள். பேக் அவர்கள் வகுத்துக் காட்டிய வழியில் புல் முளைக்க எந்தக் கட்சியும் விடவில்லை. ஓய்வுக்குப் பின் பதவி ஏற்க ஒரு வருடமோ இரண்டு வருடமோ காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம்கூட இன்றுவரை இந்தியாவில் கிடையாது.